வை = எம்எக்ஸ் + சி மட்டும் போதுமா? நேர்கோட்டை எழுதும் நான்கு வடிவங்கள், ஓர் ஒப்பீடு

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் மாலை வகுப்பு. போன மாதம் தரம் 11 படிக்கும் பையன் ஒருவன் வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றான். கொப்பியை விரித்து ஒரே கேள்விக்கு மூன்று விடை காட்டினான். கேள்வி இதுதான்: (1, 2), (4, 4) என்ற இரண்டு புள்ளிகளினூடாகச் செல்லும் நேர்கோட்டின் சமன்பாடு என்ன?

பள்ளிக்கூடத்தில் செய்தது: வை = (2/3)எக்ஸ் + 4/3

யூடியூப்பில் பார்த்து எழுதியது: வை − 2 = (2/3)(எக்ஸ் − 1)

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிற அண்ணன் எழுதிக் கொடுத்தது: 2எக்ஸ் − 3வை + 4 = 0

"ரீச்சர், இதில எது சரி? எதைப் பாடமாக்கிறது?"

மூன்றும் சரி. மூன்றும் ஒரே கோடு. எக்ஸுக்கு 1 போட்டுப் பாருங்கள், மூன்றிலும் வை 2 என்றே வரும். ஆனால் அவனுடைய இரண்டாவது கேள்விக்கு அப்படி ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதே வாரத்தில் இன்னும் இரண்டு தாய்மார் அதையே கேட்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கேள்வி உங்கள் கையில் என்ன தருகிறது என்று பார்த்து அதற்குத் தோதான வடிவில் தொடங்க வேண்டும். கேள்வி என்ன கேட்கிறது என்று பார்த்து அந்த வடிவில் முடிக்க வேண்டும். தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் ஒரே வடிவத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதால்தான் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் வீணாகிறது.

(வகுப்பில் வாயால் சொல்வது போலவே எக்ஸ், வை, எம், சி என்று இங்கே எழுதுகிறேன். "வை சமன் எம்எக்ஸ் சக சி" என்று ராகம் போட்டுச் சொல்லாத பிள்ளை இந்த ஊரில் இல்லை.)

## பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்ப்போம்

பாதிச் சிக்கல் கணிதத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. நம்முடைய பாடப்புத்தகம் "படித்திறன்" என்கிறது. தமிழ்நாட்டு வீடியோக்களில் அதையே "சாய்வு" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். எனக்குப் படித்திறன் என்ற சொல்லைப் பிடிக்கும், ஏனென்றால் சொல்லுக்குள்ளேயே படி இருக்கிறது. படிக்கட்டில் ஒரு படி எவ்வளவு முன்னே போகிறது, எவ்வளவு மேலே ஏறுகிறது? ஏறியதை முன்னே போனதால் வகுத்தால் படித்திறன். 2/3 என்றால் 3 முன்னே, 2 மேலே. இறங்கினால் சய (−) அடையாளம்.

அமெரிக்க வீடியோக்களில் வை = எம்எக்ஸ் + பி என்று வரும். அங்கே பி இருக்கும் இடத்தில் நாம் சி வைக்கிறோம், அவ்வளவுதான். சுவீடனில் வை = கேஎக்ஸ் + எம் என்று எழுதுகிறார்கள். நமக்குப் படித்திறனாக இருக்கும் எம் அவர்களுக்கு வெட்டுத்துண்டு, அதாவது கோடு வை அச்சை வெட்டும் இடம்! எழுத்தைப் பாடமாக்கினால் இப்படித்தான் காலை வாரும். இடத்தைப் பாருங்கள். எக்ஸோடு ஒட்டியிருப்பது படித்திறன், தனியாக நிற்பது வெட்டுத்துண்டு. படித்திறனுக்கு ஏன் எம் வந்தது என்றும் கேட்பார்கள். பிரெஞ்சில் "ஏறு" என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்ததாக ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது ஐந்து விடயங்கள். கேள்வி தந்த தகவலை அப்படியே எடுத்து எழுதிவிடலாமா, இல்லை இடையில் கணக்குச் செய்ய வேண்டுமா? எழுதியதைப் பார்த்தவுடன் வரைபுத்தாளில் கோட்டைப் போடலாமா? அதில் உள்ள எண்களுக்கு நிஜ வாழ்க்கையில் ஏதாவது பொருள் உண்டா? பின்னமும் சக, சய அடையாளமும் எங்கே பிள்ளையை விழுத்தும்? கடைசியாக, அந்த வடிவத்தில் எந்தக் கோட்டையும் எழுதலாமா, அல்லது எழுத முடியாத கோடுகள் உண்டா?

நான்காவதைத்தான் மறைமுகச் செலவு என்று நான் சொல்வேன். பரீட்சை மண்டபத்தில் இருந்து வெளியே வந்த பிறகுதான் அது தெரியவரும்.

## படித்திறன்–வெட்டுத்துண்டு வடிவம்: வை = எம்எக்ஸ் + சி

க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைக்கு இதுதான் சொந்த வீடு. மற்ற எங்கே போனாலும் இரவுக்கு இங்கே திரும்பி வர வேண்டும்.

இதன் பெரிய பலம், இரண்டு எண்ணையும் பார்த்தவுடன் கோடு கண்ணுக்குத் தெரிவது. வை = 2எக்ஸ் + 3 என்றால் வை அச்சில் 3 இல் ஒரு புள்ளி. அங்கிருந்து 1 வலப்பக்கம், 2 மேலே, இன்னொரு புள்ளி. அடிமட்டத்தை வைத்து இழுத்தால் முடிந்தது. அட்டவணை போட்டு ஏழு பெறுமானம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. (கேள்வியில் அட்டவணையைப் பூரணப்படுத்தச் சொல்லியிருந்தால் பூரணப்படுத்தத்தான் வேண்டும். புத்திசாலித்தனம் காட்டப் போய்ப் பரீட்சைப் புள்ளியை இழக்காதீர்கள்.)

இரண்டாவது பலம், எண்களுக்குப் பொருள் இருப்பது. புறாமலைக்குப் போக ஒரு குடும்பம் நிலாவெளிக் கரையில் வள்ளம் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வள்ளத்துக்கு 4,000 ரூபா, ஆளுக்கு ரிக்கற் 500 ரூபா. எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, கரையில் போய் என் பெயரைச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம்.

மொத்தச் செலவு = 500 × ஆட்கள் + 4,000

வெட்டுத்துண்டு 4,000 என்பது யாரும் ஏறுவதற்கு முன்பே விழுந்துவிட்ட செலவு. படித்திறன் 500 என்பது ஒவ்வோர் ஆளும் கூடும்போது ஏறும் செலவு. எட்டுப் பேர் என்றால் 8,000. "ஆரம்பத்தில் இவ்வளவு, பிறகு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு" என்று பேசும் எந்த விடயத்தையும் இந்த வடிவத்தில் பேச்சு நடையிலேயே எழுதிவிடலாம். காய்ச்சல் பார்க்கும் பழைய பரனைற்று வெப்பமானியும் அப்படித்தான்: பரனைற்று = 1.8 × செல்சியசு + 32. உடம்பின் வழமையான 37 ஐப் போட்டால் 66.6 சக 32, ஆக 98.6. அம்மம்மா சொல்லும் "தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு" அங்கேயிருந்துதான் வருகிறது.

மூன்றாவது பலத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வடிவத்தில் ஒரு கோட்டுக்கு ஒரே ஒரு சமன்பாடுதான் இருக்கும். புள்ளி–படித்திறன் வடிவத்திலும் பொது வடிவத்திலும் ஒரே கோட்டை எத்தனையோ விதமாக எழுதலாம். பையன் கொண்டுவந்த மூன்று விடைகளும் ஒன்றா என்று பார்க்க நானே என்ன செய்தேன்? மூன்றையும் வை = எம்எக்ஸ் + சி ஆக்கினேன். எம் உம் சி உம் ஒத்துவந்தால் ஒரே கோடு. எம் ஒன்று, சி வேறு என்றால் சமாந்தரக் கோடுகள். இரண்டு எம்மையும் பெருக்கினால் −1 வருகிறதென்றால் செங்குத்தாக வெட்டுகின்றன. இதற்கெல்லாம் இதைவிட வசதியான வடிவம் இல்லை.

ஒப்பிட்டு முடிவெடுக்கவும் இதுதான் சிறந்தது. இரண்டு வான்காரர் விலை சொல்கிறார்கள் என்று எடுங்கள். ஒருவருக்கு அடிப்படை 3,000 ரூபா, கிலோமீற்றருக்கு 80. மற்றவருக்கு அடிப்படை 1,800, கிலோமீற்றருக்கு 120. இரண்டு கோடும் எங்கே சந்திக்கின்றன? 80 × தூரம் + 3,000 = 120 × தூரம் + 1,800. ஆக 40 × தூரம் = 1,200, தூரம் 30 கிலோமீற்றர். பட்டினத்தில் இருந்து நிலாவெளிக்குப் போய்வந்தால் ஏறக்குறைய அந்த 30 தான் வரும், யாரைப் பிடித்தாலும் ஒன்று. கந்தளாய்க்குப் போய்வந்தால் 80 வரை போகும். முதலாமவர் 9,400, இரண்டாமவர் 11,400. "அடிப்படை குறைவு" என்ற சொல்லுக்கு மயங்கியவருக்கு 2,000 ரூபா நட்டம். வெட்டுத்துண்டைப் பார்த்து மயங்கிப் படித்திறனில் மாட்டுவது என்று இதைத்தான் வகுப்பில் சொல்வேன்.

சரி, இதன் மறைமுகச் செலவுகள்.

முதலாவது பின்னம். பையனின் கோட்டில் சி = 4/3. வரைபுத்தாளில் 1.33… ஐ எங்கே வைப்பது? கண் மதிப்பில்தான் வைக்க வேண்டும். கேள்வி தந்த இரண்டு புள்ளிகளும் கட்டத்தின் மூலையில் அழகாக உட்கார்ந்திருக்க, இந்த வடிவம் அவற்றை விட்டுவிட்டுக் கட்டத்துக்கு நடுவில் உள்ள ஒரு புள்ளியைத் தேடச் சொல்கிறது.

இரண்டாவது, 3எக்ஸ் + 2வை = 12 போன்ற ஒன்றைக் கண்டதும் "படித்திறன் 3, வெட்டுத்துண்டு 12" என்று எழுதிவிடுவது. வருடா வருடம் பார்க்கிறேன். வை தனியாக, அதன் குணகம் 1 ஆக நிற்கும்வரை எதையும் வாசிக்கக் கூடாது. 2வை = −3எக்ஸ் + 12, பிறகு வை = −(3/2)எக்ஸ் + 6. படித்திறன் −3/2, வெட்டுத்துண்டு 6.

மூன்றாவது, வரைபில் இருந்து படித்திறனைக் கண்டுபிடிக்கும்போது கட்டத்தை எண்ணுவது. எக்ஸ் அச்சில் ஒரு சென்ரிமீற்றர் 1 ஐயும் வை அச்சில் ஒரு சென்ரிமீற்றர் 10 ஐயும் குறித்தால், கட்டத்தை எண்ணி 2 என்று சொல்லும் இடத்தில் உண்மையான விடை 20. அச்சில் எழுதியிருக்கும் எண்ணை வாசியுங்கள், பெட்டியை எண்ணாதீர்கள்.

நான்காவது, கோடு எங்கே முடிகிறது என்று இந்தச் சமன்பாடு சொல்லாது. வள்ளத்தில் பத்துப் பேருக்குத்தான் இடம் என்றால் பதினோராவது ஆளுக்கு இன்னொரு வள்ளம் பிடிக்க வேண்டும். செலவு அங்கே துள்ளிக் குதிக்கும். சமன்பாட்டுக்கு அது தெரியாது.

எழுதவே முடியாத கோடும் ஒன்று உண்டு. அதைப் பொது வடிவத்தில் பார்ப்போம்.

## புள்ளி–படித்திறன் வடிவம்: வை − 2 = (2/3)(எக்ஸ் − 1)

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இதை ஏதோ மேலதிகச் சூத்திரம் என்று நினைத்து ஒதுக்கினேன். கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. இப்போது சொல்கிறேன், கோட்டை எழுதத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஒரு புள்ளியும் படித்திறனும் தெரிந்தால் போதும். புள்ளி வை அச்சில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. (1, 2) இல் நின்றுகொண்டு 2/3 என்ற படியில் ஏறு, அவ்வளவுதான். வரைவதற்கு: (1, 2) இல் குறி, 3 வலப்பக்கம், 2 மேலே, (4, 4) இல் குறி. பின்னம் எதையும் கண் மதிப்பில் வைக்க வேண்டாம். பையனின் கேள்விக்கு இதுதான் பொருத்தமான தொடக்கம்.

இதை விளங்க வைக்க ஓட்டோவை விட நல்ல ஆசிரியர் கிடையாது. மீற்றர் பூட்டிய ஓட்டோவில் முதல் கிலோமீற்றருக்கு 120 ரூபா, அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 100 ரூபா என்று வையுங்கள் (இதுவும் கணக்குக்கான எண்). இதைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் கட்டணம் = 100 × தூரம் + 120 என்று எழுதுவார்கள். பிழை. 1 கிலோமீற்றர் போட்டால் 220 வருகிறதே! 120 என்பது வெட்டுத்துண்டு இல்லை. அது தூரம் 1 ஆக இருக்கும்போது உள்ள கட்டணம், அதாவது கோட்டில் உள்ள ஒரு புள்ளி: (1, 120). ஆகவே,

கட்டணம் − 120 = 100 × (தூரம் − 1)

இதை விரித்தால் கட்டணம் = 100 × தூரம் + 20. கணக்குச் சரிதான், 5 கிலோமீற்றருக்கு 520 என்று இரண்டிலும் வரும். ஆனால் அந்த 20 ரூபா என்ன? தூரமே போகாமல் ஓட்டோவில் ஏறி இறங்கினால் 20 ரூபாவா? அப்படி எந்த ஓட்டோக்காரரும் வாங்க மாட்டார். கோட்டைப் பின்பக்கம் நீட்டியதால் வந்த வெறும் எண் அது. 120 உம் 100 உம் மீற்றரிலேயே உள்ள எண்கள். 20 எங்கேயும் இல்லை.

ஆண்டுகளை எக்ஸ் அச்சில் போட்டால் இந்தக் கூத்து இன்னும் பெரிது. ஒரு பள்ளிக்கூடத்தில் 2015இல் 400 மாணவர், ஒவ்வோர் ஆண்டும் 12 பேர் கூடுகிறார்கள் என்றால், புள்ளி–படித்திறன் வடிவம் மாணவர் − 400 = 12 × (ஆண்டு − 2015). பார்த்தவுடன் விளங்குகிறது. இதையே எம்எக்ஸ் + சி ஆக்கினால் மாணவர் = 12 × ஆண்டு − 23,780. பூச்சியமாம் ஆண்டில் சய இருபத்துமூவாயிரம் மாணவர்! கணக்கில் குற்றம் இல்லை, ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் யோசிக்க முடியாது. எக்ஸ் = 0 என்ற இடம் உங்கள் தகவலுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் வெட்டுத்துண்டுக்குப் பொருள் இருக்காது.

இரண்டு புள்ளி தந்தால்? முதலில் படித்திறன், பிறகு இந்த வடிவம். நீர் 0 செல்சியசில் உறையும்போது 32 பரனைற்று, 100 இல் கொதிக்கும்போது 212. படித்திறன் 180 ÷ 100 = 1.8. மேலே தந்த சூத்திரத்தை இனிப் பாடமாக்கத் தேவையில்லை.

இனி மறைமுகச் செலவு. சய அடையாளம்தான் பெரிய பொறி. புள்ளி (−3, 5) என்றால் எக்ஸ் − (−3), அதாவது எக்ஸ் + 3. அவசரத்தில் எக்ஸ் − 3 என்று போனால் கோடு வேறு ஊருக்குப் போய்விடும். அடுத்தது, ஆள்கூறுகளை மாற்றிப் போடுவது. இது வரைபடம் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு வரும். திருகோணமலையை 8.57 வடக்கு, 81.23 கிழக்கு என்று சொல்வார்கள், மேல்–கீழ் முதலில், பக்கவாட்டு பிறகு. கணிதத்தில் அது (81.23, 8.57) ஆகும். அப்புறம், ஒரே கோட்டை இந்த வடிவத்தில் எண்ணற்ற விதமாக எழுதலாம், எந்தப் புள்ளியை எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்தது. வை − 4 = (2/3)(எக்ஸ் − 4) உம் பையனின் கோடுதான். அதனால் பக்கத்து மேசைக்காரனின் விடையோடு ஒத்துவரவில்லை என்று அழிக்க வேண்டாம். விரித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இதில் தொடங்கி எம்எக்ஸ் + சி இல் முடிப்பதே சாதாரண தரத்துக்கு என் சிபாரிசு. வை = எம்எக்ஸ் + சி இல் புள்ளியைப் பிரதியிட்டு சி ஐக் காணும் வழிதான் பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது கைக்கு வந்துவிட்டதென்றால் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாற்ற வேண்டாம்.

## பொது வடிவம்: ஏ·எக்ஸ் + பி·வை + சி = 0

கோணேசர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இராவணன் வெட்டு தெரியும். மலை வாளால் வெட்டினாற்போலக் கடலுக்குள் இறங்கும் இடம். வகுப்பில் கேட்பேன், "அந்தச் சுவரின் படித்திறன் என்ன?" முன்னே போனது 0. ஏறியது எவ்வளவாக இருந்தாலும் 0 ஆல் வகுக்க முடியாது. படித்திறன் இல்லை. பூச்சியம் அல்ல, இல்லவே இல்லை. பூச்சியப் படித்திறன் என்பது அலையே இல்லாத உள்துறைமுகத்துத் தண்ணீர், மட்டமாகக் கிடப்பது. இந்த இரண்டையும் குழப்புகிற பிள்ளைக்கு இராவணன் வெட்டையும் துறைமுகத்தையும் ஒரு முறை சொன்னால் போதும், பிறகு மறக்காது.

படித்திறன் இல்லாத கோட்டை வை = எம்எக்ஸ் + சி யிலும் எழுத முடியாது, புள்ளி–படித்திறன் வடிவிலும் எழுத முடியாது. எக்ஸ் = 5 என்றுதான் எழுத வேண்டும். பொது வடிவத்தில் அது சாதாரணமாக அடங்கிவிடும்: 1·எக்ஸ் + 0·வை − 5 = 0. நான்கு வடிவங்களில் எந்தக் கோட்டையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்வது இது ஒன்றுதான்.

இன்னொரு வசதி, முழு எண்கள். (2/3)எக்ஸ் + 4/3 என்று இழுபடுவதற்குப் பதில் 2எக்ஸ் − 3வை + 4 = 0. ஒருங்கமை சமன்பாடு தீர்க்கும்போது இதன் அருமை தெரியும். 2எக்ஸ் − 3வை = −4 உம் 2எக்ஸ் + வை = 12 உம் தந்தால் இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழியுங்கள்: 4வை = 16, வை = 4, எக்ஸ் = 4. பின்னமே தலைகாட்டவில்லை. இணைந்த கணிதத்துக்குப் போகிற பிள்ளைக்கு இது கட்டாயம் பழக வேண்டிய வடிவம். புள்ளியில் இருந்து கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தை இதிலிருந்து நேரடியாக எடுக்கலாம். உற்பத்தியில் இருந்து, அதாவது (0, 0) இல் இருந்து, 3எக்ஸ் + 4வை − 10 = 0 என்ற கோட்டுக்குத் தூரம், 10 ஐ 9 + 16 இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 10 ÷ 5 = 2.

ஆனால் பார்த்தவுடன் கோடு தெரியாது. அதுதான் விலை. படித்திறன் −ஏ/பி. அந்தச் சயவை மறப்பது வழமை. அதைவிட மோசமானது, சி என்ற எழுத்து இரண்டு வடிவத்திலும் இருப்பது. 3எக்ஸ் + 4வை + 8 = 0 இல் சி = 8. வை அச்சில் வெட்டும் இடமோ −2. ஒரே எழுத்து, இரண்டு வேலை. எழுத்தைப் பாடமாக்கிய பிள்ளை இங்கே நிச்சயம் விழும். கூடவே 4எக்ஸ் − 6வை + 8 = 0 உம் −2எக்ஸ் + 3வை − 4 = 0 உம் பையனின் அதே கோடுதான் என்பதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கவும் பழக்கம் வேண்டும்.

அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது தப்பில்லை. தம்பியின் கேள்விக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

## வெட்டுத்துண்டு வடிவம்: எக்ஸ்/ஏ + வை/பி = 1

இதற்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. இரண்டு அச்சையும் எங்கே வெட்டுகிறது (எக்ஸ் அச்சில் ஏ, வை அச்சில் பி) என்று மட்டும் சொல்லும் வடிவம். ஆனால் கையில் உள்ள காசைப் பங்கிடுகிற கணக்குக்கு இதுபோல் அழகானது இல்லை.

மீன் வாங்க 4,000 ரூபா இருக்கிறது. சூடை கிலோ 400, கணவாய் கிலோ 1,000 என்று வைப்போம். சந்தையில் பேசும் பேச்சு பொது வடிவத்தில் இருக்கும்: 400 × சூடை + 1,000 × கணவாய் = 4,000. எல்லாவற்றையும் 4,000 ஆல் வகுத்தால் சூடை/10 + கணவாய்/4 = 1. முழுக்கச் சூடையே வாங்கினால் 10 கிலோ, முழுக்கக் கணவாயே என்றால் 4 கிலோ. இரண்டு புள்ளியையும் சேர்த்துக் கோடு இழுத்தால் இடையில் உள்ள எல்லாத் தெரிவும் அதில் இருக்கும். அதையே எம்எக்ஸ் + சி ஆக்கினால் கணவாய் = −0.4 × சூடை + 4. இன்னொரு கிலோ சூடை எடுத்தால் 400 கிராம் கணவாயை விட வேண்டும் என்று அந்த −0.4 சொல்கிறது. ஒரே காசு, ஒரே கோடு, மூன்று வடிவமும் மூன்று வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. இந்த ஓர் உதாரணத்தைப் பிள்ளைக்கு விளங்க வைத்துவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதியை வாசிக்கவே தேவையில்லை என்று தோன்றுகிறது.

உற்பத்தியினூடாகச் செல்லும் கோட்டையும், ஏதாவது ஓர் அச்சுக்குச் சமாந்தரமான கோட்டையும் இதில் எழுத முடியாது. அதனால் விருந்தாளியாக வைத்துக்கொள்ளலாம், குடிவைக்க முடியாது.

## ஒரே பார்வையில்

| வடிவம் | கையில் இது இருந்தால் எடுங்கள் | எதற்கு நல்லது | எங்கே கை தவறும் | எழுத முடியாத கோடு |
|---|---|---|---|---|
| படித்திறன்–வெட்டுத்துண்டு | தொடக்கப் பெறுமானமும் ஏறும் வீதமும் | வரைதல், ஒப்பிடல், சமாந்தரம், செங்குத்து | பின்ன வெட்டுத்துண்டு, வை தனியாக இல்லாதபோது வாசித்தல் | நிலைக்குத்துக் கோடு |
| புள்ளி–படித்திறன் | ஏதாவது ஒரு புள்ளியும் படித்திறனும், அல்லது இரண்டு புள்ளி | சமன்பாட்டை எழுதத் தொடங்கல் | சய ஆள்கூறு, ஆள்கூற்றை மாற்றிப் போடல் | நிலைக்குத்துக் கோடு |
| பொது | இரண்டு அளவு சேர்ந்து ஒரு மொத்தம், அல்லது ஒருங்கமை சமன்பாடு | முழு எண் கணக்கு, செங்குத்துத் தூரம் | சயவை மறத்தல், இரண்டு சி | எதுவும் இல்லை |
| வெட்டுத்துண்டு | இரண்டு அச்சிலும் வெட்டும் இடங்கள் | பங்கீடு, விரைவான வரைபு | தலைகீழாக வகுத்தல் | உற்பத்தியினூடான கோடு, அச்சுக்குச் சமாந்தரமானவை |

## யாருக்கு எது

தரம் 9, 10 பிள்ளை என்றால் வை = எம்எக்ஸ் + சி ஐ மட்டும் நன்றாக விளங்கிக்கொள்ளட்டும். வேறு வடிவத்தைக் காட்டிக் குழப்ப வேண்டாம். பொது வடிவில் தந்தால் வையைத் தனியாக்கத் தெரிந்தால் போதும்.

தரம் 11 பிள்ளை புள்ளி–படித்திறனையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு புள்ளி தந்து சமன்பாடு கேட்கும் இடத்தில் நேரம் மிச்சமாகும், சி காணும்போது வரும் பின்னச் சிக்கலும் குறையும். பரீட்சையில் வடிவத்தைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்த வடிவத்தில்தான் முடிக்க வேண்டும். வை = எம்எக்ஸ் + சி வடிவில் என்று எழுதியிருக்க 2எக்ஸ் − 3வை + 4 = 0 என்று நிறுத்தினால், கோடு சரியாக இருந்தும் கடைசிப் புள்ளி போகும்.

இணைந்த கணிதம் எடுக்கப் போகிறவர் நான்கையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே தெரிவு என்பதே இல்லை.

பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்க நினைக்கும் அப்பா, அம்மாவுக்கு ஒரு சொல். சூத்திரத்தில் தொடங்காதீர்கள். ஓட்டோக் கட்டணத்தில் தொடங்குங்கள். "முதலாவது கிலோமீற்றருக்கு இவ்வளவு" என்றால் அது புள்ளியா வெட்டுத்துண்டா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிற பிள்ளைக்கு மீதி தானாக வரும்.

பையனுக்கும் அப்படித்தான் சொன்னேன். (1, 2) இல் தொடங்கு, வை = எம்எக்ஸ் + சி இல் முடி, அண்ணனின் விடையை எம்எக்ஸ் + சி ஆக மாற்றிச் சரிபார். வீட்டு வேலைக்கு ஐந்து சோடிப் புள்ளிகள் கொடுத்தேன். அதில் ஒன்றை வேண்டுமென்றேதான் போட்டேன்: (5, 1), (5, 7). இரவு ஒன்பதரைக்கு வட்ஸ்அப்பில் கொப்பியின் படம் வந்தது. நான்கு கணக்குக்குச் சமன்பாடு இருந்தது. ஐந்தாவதில் 6/0 என்று எழுதி, அதை வெட்டி, கீழே இரண்டு வரி.

"ரீச்சர், இது இராவணன் வெட்டு. எக்ஸ் = 5."